சைக்கிள் சங்கிலி கழலும் இயல்

பதினாறு பிராயத்துப் பையன் ஒருவன் ஓட்டிச் செல்லும் சைக்கிளின் சங்கிலி, ஊரிலுள்ள மேடுபள்ளங்களையெல்லாம் அனாயாசமாகக் கடந்து வந்தபின், சமதரையான ஒரு தெருவில், குறிப்பிட்ட ஒரு வீட்டு வாசலில் மட்டும் தவறாமல் கழன்று விழுவானேன் என்னும் வினாவைப் பௌதிக சாஸ்திரிகள் இதுகாறும் பொருட்படுத்தாமல் விட்டது பெருங்குறையே.

பின்சக்கரத்து நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தைச் சற்றே முன்னால் தள்ளிவிட்டால் சங்கிலி தொய்யும் என்பதும், தொய்ந்த சங்கிலி பெடலைப் பின்னோக்கி மிதிக்கையில் பல்சக்கரத்தை விட்டு நழுவக்கூடும் என்பதும் சைக்கிள் கடைப் பையனும் அறிந்த சங்கதி. எனவே மேற்படி கழலுதல் விதிவசமன்று, ஸ்பானர்வசமே என்பது பெறப்படும். (சங்கிலியை முழுக்க மூடும் தகரக் கவர் போட்ட சைக்கிள்காரர்கள் காதலில் தேறினார்களா என்பது தனி ஆராய்ச்சிக்குரியது, எனக்கு நம்பிக்கையில்லை.)

ஸ்பானர் பிடித்த கை யாருடையது? இங்கேதான் பண்டை இலக்கணம் கைகொடுக்கிறது. களவொழுக்கத்தில் தலைவனுக்குத் துணைநிற்கும் நண்பனைப் பாங்கன் என்று தொல்காப்பியம் குறிக்கிறது. திருக்கோவையாரோ தன் 400 செய்யுட்களில் 30 செய்யுட்களைப் பாங்கற் கூட்டத்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. அங்கே பாங்கன், தலைவனது மெலிவு கண்டு காரணம் வினவி, கேட்டதும் இடித்துரைத்து, இடித்துரை பலியாதபோது தானே புறப்பட்டுப் போய்த் தலைவியைக் கண்டு வருகிறான். நம் காலத்துப் பாங்கனும் இம்மரபினின்று அணுவளவும் பிறழ்வதில்லை. "கால்பரீட்சைல கணக்குல பன்னெண்டு மார்க்கு, இதுல உனக்கு இது வேறயாடா?" என்று முதலில் கழறுகிறான், பிறகு ஸ்பானரை எடுக்கிறான்.

இனி வாசலுக்கு வருவோம். தலைவன், சட்டையில் கறை படலாகாதென்று ஹேண்டில்பாரைப் பிடித்தபடி மௌன விரதம் பூண்டு நிற்க, பாங்கனே மண்டியிட்டு, பல்சக்கரத்தின் அடிப்பற்களில் சங்கிலியை மாட்டிப் பெடலைக் கையால் சுழற்றுகிறான். அவசியத்துக்கு மேல் நாலைந்து முறை சுழற்றுகிறான். கதவு திறக்கிறது. வந்தவள், தலைவனை ஏறிட்டும் பாராமல், மண்ணெண்ணெய் நனைத்த பழந்துணி ஒன்றைப் பாங்கனிடம் நீட்டி, "கையத் துடைச்சுக்கங்கண்ணா" என்கிறாள்.

இந்த 'அண்ணா' அவன் காதில் விழுந்த அந்தக் கணம் வரை, தனக்குள்ளும் ஓர் ஆசை இருந்த சமாசாரமே அப்பிள்ளைக்குத் தெரியாது. இருந்தது தெரிவதும், இனி அதற்கு இடமில்லை என்று தெரிவதும் ஏககாலத்தில் நிகழ, அவன் துணியை வாங்கிக் கை துடைத்து, நன்றி சொல்லி, சினேகிதனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீடு சேர்க்கிறான்; வழியெல்லாம் அவள் யாரைப் பார்த்தாள் என்ற தலைவனின் விசாரணைக்கு, "உன்னத்தான்டா" என்று பொய்யும் சொல்கிறான். அன்று ஆளானவன் காதலனல்லன், இவனே என்பது என் சித்தாந்தம்.

ஆகவே இத்துறையில் மேற்கொண்டு ஆராயப் புகுவோர், தலைவன் எழுதிய கடிதங்களைத் தேடிப் பொழுதை வீணாக்காமல், பாங்கனின் நகக்கண்களை முதலில் பரிசோதிக்குமாறு வேண்டிக்கொள்கிறேன். கிரீஸ் அவ்வளவு சுலபத்தில் போகாது.