உப்பு லாரியின் ஓட்டுநர்

கேள்வி: ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்கிறோம், ஆறுமுகநேரி உப்பை ஊர் ஊராகச் சேர்க்கும் லாரி ஓட்டுநரை யார் நினைக்கிறார்கள்?

பதில்: 1961-ஆம் ஆண்டே சட்டம் அவரை நினைத்தது, ஆனால் அரைகுறையாக. அவ்வாண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வேலைக்கு வரம்பு கட்டியபோதும், ஐந்து தொழிலாளர்களுக்குக் குறையாத நிறுவனங்களுக்கே அது பொருந்தியதால், ஒற்றை லாரி உரிமையாளரிடம் வேலை பார்த்தவர் அதன் நிழலுக்கு வெளியிலேயே நின்றார். அவருக்கு ஊதியம் பெரும்பாலும் நடைக்கணக்கு, அதாவது ஒரு சரக்கை இறக்கி முடிக்கும் பயணத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு. அதோடு வழிச்செலவுக்கான பேட்டா. அம்பாரமாகக் குவித்த உப்பை மூட்டை கட்டி ஏற்றி, எடைமேடையில் நிறுத்தி, தார்ப்பாயை இழுத்துக் கட்டும்வரை அவர் காத்திருக்கும் பொழுது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை, இதுவே இத்தொழிலின் பெரிய அநீதி. கசியும் உப்புநீர் லாரியின் அடிச்சட்டத்தை அரிக்க, பழுதுச் செலவு ஏறி, அதை ஈடுகட்ட அளவுக்கு மீறி ஏற்றும் ஆசையும் எழுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அப்படி ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதமும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் உண்டு. ஓட்டுநருக்கு ஓர் ஆறுதலாக, 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரகச் சரக்கு லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம். பழைய லாரிகளுக்கு அவ்விதி இல்லை.