வாலில் ஓர் எஃப்

கே: குறைந்த செலவில் வீடியோ எடிட்டிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். பாதிப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

ப: எடிட்டிங் என்பது வீட்டுக்குச் சொல்லும் காரணம், வாங்குவது கேம் ஆட என்றால் தாராளமாகப் போடுங்கள். நிஜமாகவே எடிட்டிங்தான் என்றால், கேமரா எந்த வடிவத்தில் பதிகிறது என்று முதலில் பாருங்கள். இப்போது பல போன்களும் கேமராக்களும் ஹெச்.265-இல் பதிகின்றன. அதில் முழுப் படம் எப்போதாவது ஒன்று. மற்றவை என்ன மாறியது என்ற குறிப்புகள்தான். நடுவில் ஓர் இடத்தைத் தொட்டால், கம்ப்யூட்டர் பின்னால் போய் முழுப் படத்தைப் பிடித்து, அங்கிருந்து கணக்குப் போட்டு வர வேண்டும். டைம்லைன் திக்குவது பெரும்பாலும் இதனால்தான். இன்டெல் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸில் இந்த வேலைக்கென்றே குயிக் சிங்க் என்ற பகுதி உண்டு. பிரீமியர் புரோ அதை நன்றாகவே வேலை வாங்கும். ஹெச்.265-இல் நிற விவரம் கூடுதலாக இருக்கும் 10-பிட் 4:2:2 பதிவையும் 12-ஆம் தலைமுறை சிப் பிரித்துவிடும். என்விடியா கார்டுகளுக்கு அந்த வித்தை ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் கைவந்தது. ஆகவே ஐ5-12400 கேளுங்கள். விலை குறைவு என்று கடைக்காரர் 12400எஃப்-ஐ நீட்டினால் வாங்காதீர்கள். அந்த எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் வேலை செய்யாது.

கலர் கிரேடிங்குக்குக் கார்டு வேண்டாமா? டாவின்சி ரிசால்வில் நிறத்தோடு மல்லுக்கட்டுபவருக்குக் கட்டாயம் வேண்டும். வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்ப்பவருக்கு 32 ஜிபி ரேமும் என்விஎம்இ எஸ்எஸ்டியும் முதலில். கார்டைப் பிறகு செருகிக்கொள்ளலாம், அதற்கேற்ற பவர் சப்ளையை மட்டும் இப்போதே வாங்கிவிடுங்கள். ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்ய லேசான நகல், போட்டால் பழைய கம்ப்யூட்டரே போதுமே என்பார்கள். போதும்தான், கல்யாண வீடியோ முழுவதற்கும் ப்ராக்ஸி உருவாகி முடியும்வரை மாப்பிள்ளை வீட்டார் போன் செய்யாமல் இருந்தால்.