டிக்கன்ஸின் குடும்பச் சுற்றுலா

1844 ஜூலையில் சார்லஸ் டிக்கன்ஸ் ஜெனோவாவுக்குக் குடிபெயர்ந்தார். கூடவே மனைவி கேத்தரின், கொழுந்தியாள் ஜார்ஜினா, ஆறு மாதக் கைக்குழந்தை உட்பட ஐந்து பிள்ளைகள், வேலையாட்கள், ஒரு நாய். வழிச்செலவும் விடுதிப் பேரமும் பார்க்க லூயி ரோஷ் என்ற வழித்துணையாள்.

இத்தனை பேரில், அந்தப் பயணம் பற்றி டிக்கன்ஸ் எழுதிய ‘பிக்சர்ஸ் ஃப்ரம் இட்டலி’ நூலில் நாயகனாக வலம்வருவது யார்? சம்பளத்துக்கு வந்த ரோஷ்தான்! கேத்தரின் பெயரைத் தேடாதீர்கள். குழந்தைக்குப் பால் காய்ச்சியது யார் என்பதெல்லாம் பயண இலக்கியத்தில் சேராது போலும்.

அந்நூலுக்கு அடிப்படையான பயணக் கடிதங்கள் 1846-இல் ‘டெய்லி நியூஸ்’ நாளிதழில் வந்தன. நாளிதழின் ஆசிரியர்? டிக்கன்ஸேதான். “என் கட்டுரை கிடைத்ததா ஐயா?” என்று மாதக்கணக்கில் நினைவூட்டும் இன்றைய ஃப்ரீலான்ஸர் பெருமூச்சு விடலாம்.

மூன்று வாரத்துக்குள் ஆசிரியர் நாற்காலி அலுத்து எழுந்துவிட்டார். கடிதங்கள் மட்டும் மார்ச் வரை அச்சேறின.