நட்புராய்வு: சைக்கிள் பயணத்தின் முதல் நாள் குறித்த ஓர் ஆய்வு

நண்பர்களோடு வெளிநாட்டில் சைக்கிள் மிதித்து, இரவில் கூடாரம் அடித்துத் தங்கும் பயணங்களில், முதல் நாள் மட்டும் சேருமிடம் வருவதற்குள் இருட்டிவிடுவது ஏன் என்பது அறிஞர் கவனம் பெறாத பொருள். மேடு என்பர், எதிர்க்காற்று என்பர், மூட்டை என்பர். இக்கட்டுரையின் துணிபு வேறு: தாமதத்துக்கு முதற்காரணம் நட்பே. கூட வருபவர்களால் பயண வேகத்தில் விழும் குறைவை இங்கே 'நட்புராய்வு' என்று குறிப்போம். திருக்குறளின் 80ஆம் அதிகாரம் நட்பாராய்தல். அதில் 'பா'வைப் 'பு' ஆக்கினால் நட்புராய்தல். அது நட்புக் கொள்ளுமுன் செய்யவேண்டியது. இது விமான டிக்கெட் எடுத்தபின் நேர்வது. இலக்கணமும் நம் பக்கமே. உராய்வு வந்து சேரும்போது நட்பின் ஈற்றிலுள்ள குற்றியலுகரம் கெடுகிறது. நட்பு சற்றே தேய்ந்தால்தான் சொல்லே அமைகிறது.

ஆய்வுக்கு உகந்த களம், ஜெர்மனியின் பாஸாவ் நகரிலிருந்து வியன்னா வரை டான்யூப் ஆற்றங்கரையோடு போகும் சைக்கிள் பாதை. அட்லாண்டிக் கரையையும் கருங்கடலையும் இணைக்கும் யூரோவெலோ 6 தடத்தின் ஒரு துண்டு இது. 300 கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த இத்தூரத்தில் ஆறு இறங்குவது ஏறத்தாழ 130 மீட்டர்தான். எனவே மேட்டின் மேல் பழி போட வழியில்லை. காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசிக் கிழக்கே போகிறவரின் முதுகைத் தள்ளும். முதல் நாள் இலக்கு, ஆறு கொண்டை ஊசிபோல் வளைந்து திரும்பும் ஷ்லோகன். சுமார் 40 கிலோமீட்டர். அங்கே கூடாரத் திடல் உண்டு. வழியில் மரத்தடியில் படுத்துவிடலாம் என்றால், காட்டின் உரிமையாளர் அனுமதியின்றிக் கூடாரம் அடிப்பதை ஆஸ்திரியாவின் 1975ஆம் ஆண்டு வனச் சட்டம் தடுக்கிறது. போய்த்தான் ஆகவேண்டும். டான்யூபின் தூர எண்கள் முகத்துவாரத்திலிருந்து தொடங்குவதால் பாஸாவில் 2226 என்ற அளவில் இருப்பது போகப்போகக் குறையும். அந்த எண்ணிடம் எவருடைய சமாதானமும் எடுபடாது.

இனிக் கணக்கு. நிதானமாக மணிக்கு 15 கிலோமீட்டர் மிதித்தாலும் 40 கிலோமீட்டருக்கு 2 மணி 40 நிமிடம். தனியே போகிறவர் மூன்று முறை, முறைக்கு 3 நிமிடம் நிற்கிறார் என்று கொண்டால் வீணாவது 9 நிமிடம். நான்கு பேர் போனால், ஆளுக்கு மூன்று வீதம் 12 நிறுத்தங்கள். ஆனால் ஒவ்வொன்றும் 3 நிமிடத்தில் முடிவதில்லை. ஒரு நிறுத்தத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். கேரியரில் கட்டிய பை சரிகிறது என்று முதலாமவர் ஸ்டாண்டு போடுகிறார். நின்றதுதான் நின்றோம் என்று இரண்டாமவர் ஸ்வெட்டரைக் கழற்றுகிறார். மூன்றாமவர் ஸ்வெட்டரைப் பார்த்துப் படம் எடுக்கும் ஞாபகம் வந்து போனைத் தேடுகிறார். முதலாமவர் பையை இறுக்கிக் காலைத் தூக்கிப் போடும் நேரத்தில் நான்காமவர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டுகிறார். நீட்டியதை மறுப்பது பண்பாடாகாது. ஆக ஒரு நிறுத்தம் 12 நிமிடம். பன்னிரண்டுக்கு 144 நிமிடம். 9 நிமிடம் 16 மடங்காயிற்று. ஆட்கள் கூடக்கூட நிறுத்தமும் கூடும், நிறுத்தத்தின் நீளமும் கூடும். ஆகவே நிற்கும் நேரம் ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமாக வளரும் என்பதே நட்புராய்வின் முதல் விதி.

அற்றன்று, கூடாரமும் அடுப்பும் சுமக்கும் பாரமே காரணம் என்பார் உளர். பொருந்தாது. என்னை? காற்றின் தடை எடையைப் பார்ப்பதில்லை. டயரின் உருளல் தடை மட்டுமே எடைக்கேற்ப ஏறும். ஆளும் சைக்கிளும் 90 கிலோ, மூட்டை 20 கிலோ என்றால், சமதரையில் நாம் போட்ட வேகத்தில் இதனால் இழப்பது கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். பாரத்தின் சிக்கலைத் தையற்காரர் ஒருவரே பெரிதும் தீர்த்துவிட்டார். இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் ஹைரம் ஹோல்டிங், சைக்கிளில் கொண்டுபோகும் இலேசான கூடாரத்தோடு 1897இல் நண்பர்களுடன் அயர்லாந்து போய்வந்தார். மறு ஆண்டு அதை நூலாக்கினார். அதோடு நிற்காமல் 1901இல் சைக்கிள் கூடாரவாசிகளுக்கென்று சங்கமும் கண்டார். எடையைக் குறைத்த கையாலேயே ஆளைக் கூட்டிய செயல் அது. விளைவை முதல் விதி சொல்லும்.

நட்பே காரணமானால் மற்ற நாட்களில் தாமதம் ஏன் குறைகிறது என்பது அடுத்த வினா, ஆழமானது. நண்பர்கள் மாறுவதில்லை, நிறுத்தங்கள் ஒன்றோடொன்று பொருந்திவிடுகின்றன. ஒருவர் பங்க்சர் ஒட்டும்போதே மற்றவர் தண்ணீர் பிடிக்கவும் பிஸ்கட் தின்னவும் பழகிவிட்டால் பன்னிரண்டு மூன்றாகச் சுருங்கும். புதுச் செருப்பு காலுக்குப் பழகுவது போன்றதே இது. முதல் நாள் என்பது அந்தக் கடியைத் தாங்கும் நாள்.

அப்படியானால் அவரவர் வேகத்தில் பிரிந்துபோய் மாலையில் கூடினால் என்ன என்பது கடைசி ஆட்சேபம். கணக்குப்படி மறுக்க இயலாதது, கூடாரப்படி செல்லாது. பாரத்தைப் பகிர்வதற்கென்றே கூடாரத் துணி ஒருவர் பையிலும், கம்பிகள் ஒருவர் பையிலும், முளைகள் இன்னொருவர் பையிலும், அடுப்பு நான்காமவரிடமும் போயிருக்கின்றன. எனவே ஷ்லோகனுக்கு முதலில் வந்து சேர்பவர் அடைவது, மடித்த துணிமேல் உட்கார்ந்து, கம்பி வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும் உரிமை மட்டுமே.