அட்டையில் அச்சிட்ட வயது

பால் பாட்டிலுக்கு நிப்பிள் கேட்டால் கடைக்காரர் முதலில் விசாரிப்பது குழந்தையின் வயதை. ஏதோ பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதுபோல! அட்டையில் வயதுக்கொரு பால் ஓட்டம் அச்சிட்டிருக்கும்; ஆனால் ஒரு கம்பெனியின் ‘மெதுவான ஓட்டம்’ இன்னொரு கம்பெனியில் வெள்ளப்பெருக்கு. எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. புரையேறினால் ஓட்டம் அதிகம், உறிஞ்சிக் களைத்துப் பாதியில் தூங்கினால் குறைவு. இதைக் குழந்தையே இலவசமாகச் சொல்லிவிடும். கேட்கத்தான் ஆளில்லை, அதற்குள் பெரியம்மா ஊசியைச் சுடவைத்துத் துளையைப் பெரிதாக்கக் கிளம்பிவிடுவார். (வேண்டாம் பெரியம்மா, சிலிகோன் கிழியும்.)

‘தாயின் மார்பு போலவே’ என்று சத்தியம் செய்கிறது அட்டை. எந்தத் தாயிடம் அளவெடுத்தார்களோ! 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் பால் பாட்டிலுக்கு விளம்பரமே செய்யக்கூடாது. பாட்டிலுக்குப் பதில் குழந்தை மருத்துவர்கள் சொல்வது பால் புகட்டும் பாலாடைக் கிண்ணத்தை. அதற்கு நிப்பிளே கிடையாது.