இருகால் வாகனத்தின் மனு

பெறுநர்: பெருநகர சென்னை மாநகராட்சி நிர்வாகத்தார், ரிப்பன் மாளிகை, சென்னை.

பொருள்: நடந்து செல்பவரை இருசக்கர வாகனமாக அறிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்களின் 2014ஆம் ஆண்டு மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை. (கோப்பு அகப்படாவிட்டால் ஏதேனும் ஒரு நடைபாதையில் குவிந்திருக்கும் ஜல்லிக்கு அடியில் பார்க்கவும்.)

ஐயா / அம்மையீர்,

மனுதாரர் இந்த ஊரில் நடந்து போய் வருபவர். பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் காலால்தான். உடம்பு இளைக்க நடப்பவர் அல்ல என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறார். நடை என்றதும் அதிகாரிகளுக்குப் பூங்காவும் ட்ராக் சூட்டும் நினைவுக்கு வருகின்றன. மனுதாரர் நடப்பது மதியம் ஒன்றரை மணிக்கு, கையில் பையோடு.

கோரிக்கைக்கான காரணம் இது. சிக்னலில் வண்டிகள் தேங்கியதும் பைக்குகள் ப்ளாட்பாரத்தில் ஏறுகின்றன, ஹாரன் அடிக்கின்றன. மனுதாரர் ஒதுங்கிச் சாலையில் இறங்குகிறார். இறங்கியதும், “ப்ளாட்பாரம் எதுக்கு இருக்கு?” என்று ஒரு கார்க்காரர் கேட்கிறார். இந்த ஊரில் சாலை, நடைபாதை இரண்டிலும் கேள்வி கேட்பாரின்றிப் போகும் தகுதி இருசக்கர வாகனத்துக்கு மட்டுமே உண்டு. மனுதாரருக்கும் இரண்டுதான் இருக்கின்றன. கால் என்பதைச் சக்கரம் என்று திருத்தி ஓர் அரசாணை வந்தால் போதும்.

மாநகராட்சி எதுவுமே செய்யவில்லை என்று மனுதாரர் சொல்லமாட்டார். மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென நாட்டிலேயே முதன்முதலாக ஒரு கொள்கையை ஏற்ற நகரம் சென்னைதான். போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காடு நடப்போருக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் எழுதியவர் யாரோ, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள மனுதாரருக்கு ஆசை. 2018க்குள் நடப்பவரோ சைக்கிள் ஓட்டுபவரோ ஒருவர்கூட விபத்தில் சாகக் கூடாது என்ற இலக்கும் இருந்தது. 2022இல் இந்தியச் சாலைகளில் உயிரிழந்த பாதசாரிகள் மட்டும் 32,000க்கும் மேல். அவர்களில் சென்னைவாசிகளும் உண்டு.

பாண்டி பஜாரைப் பற்றிச் சொல்லாவிட்டால் நன்றி கெட்ட செயலாகிவிடும். 2019 நவம்பரில் திறந்த அந்த நடைபாதை வளாகம் உண்மையிலேயே அழகு. ஆனால் அங்கே பலர் காரில் வந்து, அதை எங்கேயோ நிறுத்தி, நடந்து பார்த்துவிட்டு, மறுபடி காரில் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள். நடை அங்கே ஒரு பொருட்காட்சி. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 2023இல் சுமார் 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை வந்தது. ரங்கநாதன் தெரு நெரிசலில் பெட்டியோடு சிக்கித் தவித்தவர்களுக்கு அது பெரிய உதவி. என்றாலும், தரை முழுவதையும் வண்டிகளுக்குக் கொடுத்துவிட்டு நடப்பவருக்கு வானத்தில் இடம் ஒதுக்குவது சற்று அவசரமான ஏற்பாடாக மனுதாரருக்குப் படுகிறது.

அளவுகளும் இல்லாமலில்லை. நடைபாதையில் தடையற்ற அகலம் 1.8 மீட்டராவது இருக்க வேண்டும், விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலை காங்கிரஸ் 2012லேயே எழுதி வைத்திருக்கிறது. அந்த 1.8 மீட்டரில் மின்சாரப் பெட்டி, கட்சிக் கொடிக்கம்பம், எந்தத் துறை தோண்டியது என்று எந்தத் துறைக்கும் தெரியாத பள்ளம். பைக்கைத் தடுக்கத் தாங்கள் நட்ட எஃகுத் தூண்கள் பல இடங்களில் சக்கர நாற்காலியைத்தான் தடுத்தன. பைக் எப்படியோ வளைந்து உள்ளே போய்விட்டது.

ஆக்கிரமிப்பு அகற்றம் என்று லாரி வந்தால் முதலில் ஏறுவது பூக்காரம்மாவின் கூடை. பக்கத்திலேயே நாள் முழுக்க நடைபாதையை அடைத்து நிற்கும் கார் அசைவதில்லை. வெயிலில் நிழலும் ஒரு டம்ளர் மோரும் தந்தவர்கள் தள்ளுவண்டிக்காரர்கள்தான், எந்தக் காரும் தரவில்லை என்பதைப் பதிவு செய்ய மனுதாரர் விரும்புகிறார்.

சைக்கிள் விஷயம் இன்னும் விசேஷம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கமும் அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் கிராமத்துப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றினார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே அவர்கள் ஓட்டினார்கள். 2001-02இல் மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் தரத் தொடங்கிய மாநிலமும் தமிழ்நாடுதான். அந்தச் சைக்கிள் சென்னைக்கு வந்தால் எந்த ஓரத்தில் போவது என்பதை மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

நடைபாதையில் நடக்கும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை அமல்படுத்துவது சிரமம் என்றால் மனுதாரரின் கோரிக்கை மலிவானது. வாகனமானபின் அவர் ப்ளாட்பாரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே போவார். விசில் வாங்கி வைத்திருக்கிறார். பதிவு எண்ணை முதுகில் மாட்டிக்கொள்ளவும் சம்மதம். இது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வேலை என்று கோப்பைத் தள்ளிவிட வேண்டாம். அங்கே போகும் வழியிலும் நடைபாதை இல்லை.

இப்படிக்கு,
மனுதாரர்

இணைப்பு: செருப்புக் கடை ரசீது, மூட்டு எக்ஸ்ரே. புகைச் சான்று இணைக்கப்படவில்லை. சோதனை மையத்தில் குழாய் செருக இடம் கிடைக்கவில்லை.