கோழிக்கால் ஒன்று சேத்தியாத்தோப்பு வந்து சேர்வது தொடர்பாக

அனுப்புநர்:
ஞாயிறுதோறும் கறிக்கடை வாசலில் காத்து நிற்கும் பொதுமக்கள்,
சேத்தியாத்தோப்பு, கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறை,
ஒன்றிய அரசு, கிருஷி பவன், புது தில்லி.

பொருள்: இறைச்சி, முட்டை, பால்பொருள் இறக்குமதி – ஆவணங்கள் – துறை தன் பங்குக்கு ஓர் ஆவணம் தாக்கல் செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதுவரை வெளிவந்த அறிவிக்கைகள், அவற்றின் திருத்தங்கள், திருத்தங்களின் திருத்தங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வெளிநாட்டுக் கோழிக்கறி இந்தியக் கரையில் இறங்குவதை ஆள்வது 1898ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டம். குதிரை, மாடு, ஒட்டகம், ஆடு முதலியவை தொற்றுநோயோடு கப்பலில் வந்து இறங்கிவிடக் கூடாது என்பதற்காகப் பிரிட்டிஷ் ஆட்சியில் இயற்றப்பட்டது. உரித்து, வெட்டி, உறைய வைத்து, பெட்டியில் அடைத்த கோழிக்கால் ஒன்று கடல் தாண்டி வரும் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை. எனவே அடுத்த 103 ஆண்டுகளுக்குச் சட்டத்தின் கண்ணில் உயிருள்ள விலங்குதான் பட்டது, கறி படவில்லை.

கறி கண்ணில் பட்டது 2001இல். உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்குக் கட்டுப்பட்டு, எஞ்சியிருந்த 715 பொருள்களின் மீதான அளவுக் கட்டுப்பாடுகளை இந்தியா அவ்வாண்டு ஏப்ரல் 1 அன்று நீக்கியது. ஜூலையில் 1898ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு, கால்நடைப் பொருள்களும் அதன் வரம்புக்குள் வந்தன. ஜூலை 7 அன்று வெளியான அறிவிக்கை, சுகாதார இறக்குமதி அனுமதிச்சீட்டு இல்லாமல் எதுவும் உள்ளே வரக் கூடாது என்றது. கதவு திறந்த நான்காம் மாதமே வாசலில் மேசை போட்டு ஆள் உட்கார்ந்துவிட்டார். துறையின் வேகம் குறித்துக் குறை சொல்வோர் இந்த ஒரு நிகழ்வைத் தவறாமல் படிக்க வேண்டும்.

அனுமதிச்சீட்டு தேவைப்படும் பொருள்களின் பட்டியல் பரந்த மனத்தோடு எழுதப்பட்டது. எல்லா வகை இறைச்சியும் அதில் உண்டு. முட்டை, முட்டைத் தூள், பால், பால்பொருள்கள் உண்டு. மாடு, செம்மறியாடு, வெள்ளாடு ஆகியவற்றின் விந்து, கருமுட்டை, கரு உண்டு. செல்லப் பிராணிகளுக்கான விலங்குவழி உணவும் உண்டு. ஆக, நாய் தின்னும் பொட்டலமும் மனிதர் தின்னும் கோழிக்காலும் ஒரே வரிசையில் நிற்கின்றன. சமத்துவத்துக்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நடைமுறை பின்வருமாறு. இறக்குமதி செய்ய விரும்புபவர் முதலில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்திடம் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் பெற வேண்டும். அடுத்து, உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் உரிமம். மூன்றாவது, துறையின் சுகாதார இறக்குமதி அனுமதிச்சீட்டு. சரக்கு கப்பலேறும் முன்பே இது கையில் இருக்க வேண்டும். எந்த நாட்டிலிருந்து, எந்தப் பொருள், என்ன நோய் வரக்கூடும் என்று துறை ஆராய்ந்த பிறகே வழங்கப்படும். நான்காவது, ஏற்றுமதி செய்யும் நாட்டு அரசின் கால்நடை மருத்துவர் தரும் சான்று. கோழி உயிரோடிருந்தபோது ஆரோக்கியமாக இருந்தது, வெட்டிய பிறகும் ஆரோக்கியமாகவே காணப்பட்டது என்று அவர் எழுதித் தர வேண்டும். இறந்த பிறகும் நற்சான்று வாங்கும் பேறு எல்லா உயிர்களுக்கும் வாய்ப்பதில்லை.

இவற்றோடு கப்பல் சரக்குச் சீட்டு, விலைப்பட்டியல், பொதிப்பட்டியல், உற்பத்தி நாட்டுச் சான்று ஆகியன சேரும். நினைத்த துறைமுகத்தில் இறக்கிவிட முடியாது. விலங்குத் தொற்றுத்தடுப்பு நிலையம் இருக்கும் ஊர் வேண்டும். தமிழ்நாட்டுக்கு அது சென்னை. அங்கே சுங்கத்தில் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் ஆகும். தொற்றுத்தடுப்பு அதிகாரி ஆவணங்களைப் பார்ப்பார், சரக்கைப் பார்ப்பார், தேவையென்றால் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். உணவுப் பாதுகாப்பு அதிகாரி தனியே லேபிளைப் பார்ப்பார், காலாவதித் தேதியைக் கணக்கிடுவார், அவர் பங்குக்கு மாதிரி எடுப்பார். ஆயுளில் 60 விழுக்காடோ மூன்று மாதமோ, எது குறைவோ, அவ்வளவாவது மிச்சமிருக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. இதற்கிடையே கன்டெய்னருக்கு மின்கட்டணமும் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணமும் ஏறிக்கொண்டிருக்கும். இந்த அலுவலகங்களை எல்லாம் ஒரே கணினி வாசலில் இணைக்கும் ஒற்றைச் சாளர முறை 2016 ஏப்ரலில் வந்தது. சாளரம் ஒன்றானது, அதற்குப் பின்னால் இருக்கும் நாற்காலிகள் ஒன்றாகவில்லை.

எல்லாம் முடிந்தால் சுங்கவரி. முழுக்கோழிக்கு 30 விழுக்காடு; வெட்டிய காலுக்கு 100 விழுக்காடு. முழுசாக வந்த கோழிக்கு உள்ள மரியாதை துண்டாக வந்ததற்குக் கிடையாது.

பால்பொருள்களுக்கு நிபந்தனை இன்னும் நுட்பமானது. பால் கறந்த மாடு தன் வாழ்நாளில் ஒருபோதும் அசைபோடும் விலங்குகளின் உள்ளுறுப்பு, இரத்தத் தூள், திசு கலந்த தீவனம் தின்றதில்லை என்று வெளிநாட்டு அரசு சான்றளிக்க வேண்டும். பாலாடைக்கட்டியில் பாலை உறைய வைக்கும் விலங்கு ரென்னெட் இருக்கக் கூடாது. அமெரிக்க மாட்டின் சாப்பாட்டுச் சரித்திரம் பிறந்த நாள் முதல் கேட்டு வாங்கப்படுகிறது. சேத்தியாத்தோப்பு கூட்டுரோட்டில் சினிமா சுவரொட்டியைப் பசையோடு தின்று நிற்கும் மாட்டிடம் இதுவரை எவரும் எந்த உறுதிமொழியும் கேட்டதில்லை. கறிக்கடைக் கூண்டில் நிற்கும் பிராய்லர் கோழியிடமும் ஆவணம் கேட்பார் இல்லை. எடை மட்டுமே கேட்கப்படுகிறது. வீராணம் ஏரிக்கு வலசை வரும் நீர்ப்பறவைகளும் அனுமதிச்சீட்டு இல்லாமலே வந்து போகின்றன.

இத்தனை ஆவணங்களுக்கும் காரணம் உண்டு என்பதை மறுக்க முடியாது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவின் முதல் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டு, கோழிகள் கூட்டங்கூட்டமாக அழிக்கப்பட்டன. அச்சம் நியாயமானது. அந்த அச்சத்துக்கு எழுதப்பட்ட விதிதான் விசித்திரமானது. 2011 ஜூலை 19 அறிவிக்கையின்படி, பறவைக் காய்ச்சல் இருப்பதாக அறிவித்த நாட்டின் கோழிப்பொருள்கள் அந்நாடு முழுவதிலிருந்தும் தடை செய்யப்பட்டன. வீரியம் குறைந்த வகைக் காய்ச்சலுக்கும் இதே தண்டனை. உள்நாட்டில் காய்ச்சல் வந்தாலோ, கட்டுப்பாடு 10 கிலோமீட்டர் வட்டத்துக்குள் முடிந்துவிடும். சேத்தியாத்தோப்பில் நோய் கண்டால் நெய்வேலி நகரியத்தில் கறிக்கடை வழக்கம்போல் திறந்திருக்கும். அமெரிக்காவின் ஏதோ ஒரு மாநிலத்தில் ஒரு பண்ணையில் கண்டால், ஐம்பது மாநிலக் கோழியும் குற்றவாளி.

அமெரிக்கா 2012 மார்ச் 6 அன்று உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. அதன் எண் டி.எஸ். 430. அந்த அமைப்பு இருக்கும் ஜெனீவாவில் கேட்கப்பட்டது அதிகமில்லை. தடைக்கு அடிப்படையான அறிவியல் இடர் மதிப்பீடு எங்கே என்பதே முக்கியக் கேள்வி. இந்தியாவின் விதி உலக விலங்கு நல அமைப்பின் தரநெறிக்கு இசைவானது, ஆகவே தனியாக மதிப்பீடு தேவையில்லை என்பது பதில். தரநெறியைப் புரட்டிப் பார்த்தார்கள், இசைவு காணப்படவில்லை. 2014 அக்டோபரில் நடுவர் குழுவும் 2015 ஜூன் 4 அன்று மேல்முறையீட்டு அமைப்பும் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. வீரியம் குறைந்த காய்ச்சலைக் கண்டறியும் கண்காணிப்பு உள்நாட்டில் இல்லாதபோது, அதற்காக வெளிநாட்டுச் சரக்கைத் தடுப்பது பாகுபாடு என்றும் சொல்லப்பட்டது. சொந்த வீட்டில் தேடாத நோயை விருந்தாளியின் பையில் மட்டும் தேடிய கதை.

நாடெங்குமுள்ள இறக்குமதியாளர்களிடம் குறியீட்டு எண், உரிமம், அனுமதிச்சீட்டு, மருத்துவச் சான்று, சரக்குச் சீட்டு, பொதிப்பட்டியல் என்று அத்தனையும் கேட்ட நிர்வாகத்திடம், கேட்டபோது எடுத்து நீட்ட ஒரே ஓர் ஆவணம் இல்லாமல் போனது இவ்வாறுதான். 'ஆவணம் முழுமையாக இல்லை' என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் கலை ஜெனீவாவுக்கும் தெரிந்திருந்தது.

பின் நடந்தவை சுருக்கமானவை. 2016 ஜூலையில் விதிகள் மாற்றி எழுதப்பட்டன. அமெரிக்காவோ, ஆண்டுக்கு 45 கோடி டாலருக்கு மேற்பட்ட பதில் நடவடிக்கைக்கு அனுமதி கேட்டது. 2023 செப்டம்பரில் சமரசம் ஏற்பட்டது. உறைந்த வான்கோழிக்கும் உறைந்த வாத்துக்கும் புளூபெர்ரி, கிரான்பெர்ரிப் பழங்களுக்கும் சுங்கவரி குறைந்தது. பதினொரு ஆண்டு வழக்கின் நாயகனான கோழிக்கால் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. அடுத்த மாதமே, தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு மாநிலங்களில் 26 கோழிப்பண்ணைப் பிரிவுகள் பறவைக் காய்ச்சல் அற்றவை என்ற இந்தியாவின் அறிவிப்பை உலக விலங்கு நல அமைப்பு ஏற்றதாக அரசு மகிழ்ச்சியோடு தெரிவித்தது. நாடு முழுவதையும் ஒரே கோழிக்கூண்டாகப் பார்க்கக் கூடாது என்பதே அதன் சாரம். ஜெனீவாவில் மற்றவர் சொன்னபோது செவியில் ஏறாத வாதம், ஏற்றுமதி செய்யும் நேரத்தில் தெளிவாக விளங்கிவிட்டது.

நாமக்கல் பண்ணையாளரைக் காக்க வேண்டாம் என்று இக்கடிதம் சொல்லவில்லை. மலிவுவிலைக் கால்களைக் குவித்து இங்குள்ள பண்ணைகளை மூட வைக்க எவருக்கும் விருப்பமில்லை. பண்ணைகளைக் காப்பது நோக்கமென்றால், அதை வரி என்ற பெயரிலேயே வெளிப்படையாகச் செய்யலாம்; 100 விழுக்காடு ஏற்கெனவே இருக்கிறது. நோயைத் தடுப்பது நோக்கமென்றால், அதற்கு வேண்டியது ஆய்வு. இரண்டையும் ஒரே அனுமதிச்சீட்டில் கலந்தால், நோயும் தடுக்கப்படாது, வழக்கும் வெல்லப்படாது.

ஆகவே, இனி வெளிவரும் எந்த இறக்குமதி அறிவிக்கையிலும் துறையின் சொந்த இடர் மதிப்பீடு முதல் இணைப்பாக வைக்கப்பட வேண்டும். அதை யாரும் படிக்கும்படி இந்திய மொழிகளிலும் வெளியிட வேண்டும். எல்லைக்கு வெளியே கேட்கும் சுகாதாரத்தில் பாதியாவது ஊர்ப்புறக் கறிக்கடைகளில் உறுதி செய்யப்பட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது. அந்த இணைப்பு இல்லாத அறிவிக்கை, துறையின் வழக்கப்படியே, முழுமையற்ற விண்ணப்பமாகக் கருதப்படும்.

இங்ஙனம்,
சேத்தியாத்தோப்புப் பொதுமக்கள்.